கர்த்தர் எடுக்காமல் விட்ட கோபம்

சபையிலே இதைச் சாந்தமாகச் சொல்லும்படி என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். முடியவில்லை. நினைத்தாலே இன்னும் வயிறு எரிகிறது.

எங்களுக்கு ஊர் மலைமேல் இருக்கிற பூண்டி. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. கேரட், பூண்டு ஏற்றிக்கொண்டு இரண்டு பேருமாகச் சந்தைக்கு இறங்குவோம். என் வீட்டுக்காரர் நல்ல டிரைவர், ஆனால் கோபம் மூக்கு நுனியில். எதிரே வருகிறவன் லைட்டைத் தணிக்கவில்லை என்றால்கூட இறங்கிச் சண்டைக்குப் போவார். "ஆண்டவரே, இந்த மனுஷனுடைய கோபத்தை எடுத்துப்போடும்" என்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான் அழுதது இங்கே இருக்கிற அக்காமாருக்குத் தெரியும். கல்யாணமான நாள் முதல் இதே ஜெபம்தான். பதில் வரவில்லை. சலித்தே போனேன்.

போன மார்கழியில் ஒரு காலை, மலைப்பாதையில் இறங்கும்போது பின்சக்கரம் வெடித்தது. ஒரு வளைவைத் தாண்டி ஓரங்கட்டினோம். நல்ல மூடுபனி. சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, அவர் வளைவுக்கு மேலே போய்ப் பச்சைக் கிளைகளை ஒடித்து ரோட்டில் பரப்பினார். கிளை கிடந்தால் முன்னே வண்டி நிற்கிறது, மெதுவாக வா என்று அர்த்தம். மலையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பிறகு ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். நான் வளைவில் நின்றேன்.

மேலேயிருந்து ஒரு கார் வந்து நின்றது. ஒரு வாலிபன் இறங்கிக் கிளைகளை அள்ளினான்.

"தம்பி, எடுக்காதீங்க! கீழ வண்டி நிக்கிது!"

"பின்னாடி எங்க காருங்க ரேஸ்ல வருது ஆன்ட்டி. இந்தக் குப்பை டயருல மாட்டுனா ஸ்லிப் ஆயிடும்."

பள்ளத்தில் வீசிவிட்டுப் பறந்துவிட்டான். ரேஸாம்! ஸ்கூல் ஜீப்பும் பால் வண்டியும் போகிற பாதையில், யார் முதலில் அடிவாரம் சேருவது என்று பந்தயம்!

மேலே இஞ்சின்கள் உறுமின. "இயேசப்பா, இவரக் காப்பாத்துங்க" என்று கதறிக்கொண்டே ஓடினேன்.

"ஏங்க, மேலருந்து காருங்க வேகமா வருது, வெரசா வெளிய வாங்க!"

"இரு புள்ள, சோலி முடியட்டும்."

"நீங்க போட்ட கிளையப் பூரா ஒருத்தன் பள்ளத்துல எறிஞ்சிட்டான்ங்க!"

அவ்வளவுதான். "எவன்டா அவன்!" என்று ஜாக்கிக் கம்பியோடு வெளியே பாய்ந்தார். அந்தக் கார் போன திசையில் கத்திக்கொண்டே கீழே ஓடினார். சட்டையைப் பிடித்து நிறுத்த நானும் பின்னாலேயே ஓடினேன்.

முதுகுக்குப் பின்னால் இடி விழுந்த சத்தம். ஒரு கார் எங்கள் வண்டியில் மோதியது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. ஜாக்கி சரிந்து, அவர் படுத்திருந்த இடத்தில் வண்டி அப்படியே உட்கார்ந்தது. ரோடெல்லாம் கேரட்.

கர்த்தர் கிருபை, ஓர் உயிரும் போகவில்லை. கால் மாட்டிக்கொண்ட ஒரு பையனை என் வீட்டுக்காரர்தான் அந்தக் கம்பியாலேயே கதவை நெம்பித் தூக்கி வந்தார். அப்போது அடுத்த காரிலிருந்து இறங்கியவன் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டான்:

"வண்டிய நிறுத்துனா ஒரு கிளையாவது ஒடிச்சுப் போடக் கூடாதா?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஆமாம், நான்தான்! என் கையைப் பிடித்தது அவர்.

"விடும்மா. மொதல்ல பையன ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்."

மன்னித்துவிடு என்கிறார்கள். மன்னித்துவிட்டேன். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்தவன் உயிர் உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

நான் கேட்டபடி கர்த்தர் அவருடைய கோபத்தை எடுத்திருந்தால், இன்று விதவையாக நின்றிருப்பேன். சாவுக்குப் பயந்து வராத மனுஷனைக் கோபம்தானே வெளியே இழுத்து வந்தது! இப்போது வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அவரும் வருகிறார். என் கோபம் தணிய வேண்டுமென்று ஜெபிக்கிறாராம்.

கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்திருக்கிற சகோதரிகளே, கர்த்தரை நம்புங்கள். நாம் எடுக்கச் சொன்னதை அவர் எடுக்காமல் விட்டால், அதற்கும் காரணம் வைத்திருப்பார். மலைப்பாதையில் கிடக்கிற கிளையும் அப்படித்தான். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.