குழாய்க்குக் குழி வெட்டியவன்

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைத் தேடியவர்களுக்கு... நான் எங்கள் ஊர் கோம்பையில், என் வீட்டுக் கழிப்பறையில்தான் இருந்தேன். கிட்டத்தட்ட குடியே இருந்தேன்.

ஐந்தாவது முறை போய்வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது — காலராதான்! மனைவியை அழைத்துக் கடைசி ஆசைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது ஆசையில் நிறுத்திவிட்டாள்.

"சாகப் போறவுக இம்புட்டுப் பேச மாட்டாக. உப்பு, சர்க்கரை கலந்து வச்சிருக்கேன், குடிங்க. ஆமா, நேத்து எங்கன என்னத்தத் தின்னீக?"

ராசாத்தி கடையில் எட்டுப் பணியாரம். தெருமுனையில் சாயங்காலம் அடுப்பு மூட்டுகிறாள். கணவன் இல்லை, அந்த ஒற்றை அடுப்பில்தான் அவள் குடும்பம் ஓடுகிறது. எட்டு தின்றேன் என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ள எந்த ஆம்பளைக்கு வாய் வரும்?

"ரெண்டுதான் தின்னேன். மாவு கெட்டுப்போயிருக்கும்போல" என்றேன். கொஞ்சம் சத்தமாக.

அவ்வளவுதான்! மதியத்துக்குள் தெருவில் இன்னும் எட்டு வீடுகளில் இதே கதை. பக்கத்து வீட்டு நாலு வயதுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் என் வாயிலிருந்து போன பதிலே கிடைத்தது. அன்று சாயங்காலம் ராசாத்தி கடைக்கு ஓர் ஆள்கூடப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கரைத்த மாவு புளித்து மாட்டுத்தொட்டிக்குப் போனது.

மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். மாத்திரை தருவார் என்று பார்த்தால், நோட்டைத் திறந்துகொண்டு வீடு வீடாகக் கேள்வி! எப்போது ஆரம்பித்தது? என்ன சாப்பிட்டீர்கள்? தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்? சாட்சி சொல்லும் ஆர்வத்தில் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் அவர் பின்னால் போனேன்.

"எல்லாம் அந்தப் பணியாரம் சார்."

அவர் நோட்டைக் காட்டினார். "ஒம்பது வீட்ல அஞ்சு வீடு பணியாரமே வாங்கல. டிரிப்ஸ் ஏறுதே, அந்தப் பிள்ளையும் திங்கல. மேலத்தெருவுல வாங்கித் தின்னவுக நல்லாத்தான் இருக்காக. ஒம்பது வீட்டுக்கும் பொது, இந்தக் குழாய் ஒண்ணுதான்."

சாட்சி சொல்ல வந்த நான் மெல்ல இரண்டடி பின்வாங்கினேன்.

எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். குழாயின் வாய் தாழ்ந்திருந்தால் தண்ணீர் வேகமாக வரும் அல்லவா? அதனால் இடுப்பளவு குழி வெட்டி, குழாயை அறுத்து, வாயைக் குழிக்குள் இறக்கிவிட்டோம். மற்ற தெருக்காரர்கள் வந்து பொறாமையோடு பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் ஓடும் சாக்கடை குழிக்குள் கசிந்ததை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆய்வாளர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணி விடுறப்ப வெளிய வரும், சரி. நிறுத்துனதும் குழாய் உள்ள இழுக்கும். குழியில கெடக்குற சாக்கடைய இழுத்துக்கிட்டு, மறுநாள் ஒங்க மொதக் கொடத்துலயே திருப்பிக் குடுக்கும். யாரு இந்த இன்ஜினியரு?"

எதிலும் ஒத்துப்போகாத தெரு. அன்று ஒற்றுமையாக என்னைப் பார்த்தது.

குழாய் வாயைப் பழையபடி மேலே ஏற்றி, குழியை அன்றைக்கே மூடினோம். நேராக ராசாத்தியிடம் போனேன். அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என் மேலதான் ஆத்தா. நாலு பணியாரம் போடு. தெருவே பாக்க உக்காந்து திங்கிறேன்."

"ஒங்க வகுத்துக்கு இன்னும் கஞ்சிதாண்ணே. நீங்க தின்னா எனக்கு யாவாரம் வந்துருமா? பணியாரம்னு சொன்ன வாயால, இல்லேன்னு சொல்லுங்க. வீடு வீடாப் போயி."

போனேன். சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைத் திறக்கவே யோசித்தார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, அதன் அம்மாதான் தூக்குவாளியோடு முதல் ஆளாக ராசாத்தி கடைக்குப் போனாள். அடுப்பு எரிந்தது.

ஒன்று சொல்லட்டுமா? புரளி எங்கள் தெருவை அரை நாளில் தானாகவே சுற்றி வந்தது. உண்மையைத்தான் இரண்டு நாள் நான் சுமந்து திரிய வேண்டியிருந்தது... நடுநடுவே வீட்டுக்கு ஓடி வந்தபடி!