ஒரு கெஜத்துக்கு ஒரு உத்தியோகம்

ஊருக்கு உபதேசம் சொல்லிச் சம்பளம் வாங்குகிற உத்தியோகங்களில் என்னுடையது கொஞ்சம் விசேஷமானது: நான் உபதேசம் செய்வது ஒரே ஒரு கெஜத்தைப் பற்றித்தான்.

டெக்சஸில் ஒரு சின்னக் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு நான் அனலிஸ்ட். பெயரில்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும். மூன்று வாய்ப்பு முடிந்து, இன்னும் ஒரே ஒரு கெஜம் பாக்கி என்றால்தான் பிரச்சினை. துணிந்து நாலாவது வாய்ப்பையும் ஆடலாம். தவறினால் பந்து அந்த இடத்திலேயே எதிராளிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பந்தைத் தூரமாக உதைத்துக் கொடுத்துவிட்டுக் கௌரவமாக வெளியே வரலாம். ஆடலாமா, உதைக்கலாமா என்று மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து கோச்சின் காதில் சொல்வது என் வேலை. பெரும்பாலும் ஆடுங்கள் என்றுதான் கணக்கு சொல்லும். பெரும்பாலும் அவர் உதைத்துவிடுவார்.

உப்பைக் குறை என்று சொல்லும் டாக்டர்களே, பாஸ்வேர்டை மாற்று என்று சொல்லும் ஐ.டி. நண்பர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. ஒரு வித்தியாசம்தான். இங்கே ஹெட் கோச்சை வீட்டுக்கு அனுப்பினால், அவர் கூட்டிவந்தவர்களையும் மொத்தமாக அனுப்பிவிடுவது வழக்கம். எனக்கு வேலை போனால் விசா போகும். அந்த விசாவில் தொற்றிக்கொண்டுதான் என் கணவர் செந்திலும், டேகேர் போகும் மகளும் இங்கே இர்விங் என்கிற ஊரில் இருக்கிறார்கள். கிரீன் கார்டுக்கு இப்போதுதான் அப்ளை செய்திருக்கிறோம். ஆக, அந்த ஒரு கெஜத்தில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம்.

பட்சி சாஸ்திரம்

ஹெட் கோச் டேல், மேற்கு டெக்சஸ் மாட்டுப் பண்ணைக்காரர். மரியாதையான மனிதர். அவர் இழுத்து இழுத்துப் பேசும் ஆங்கிலம் என் காதில் எங்கள் கோபிச்செட்டிபாளையத்துத் தமிழாகவேதான் விழும். அப்படியே தருகிறேன், கேட்டால் அவர்மேல் கோபமும் வராது.

வந்த புதிதில் வாரம் முழுக்க அவருக்குப் பாடம் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்த வருஷம் ஒரு கெஜம் பாக்கி என்றால் ஆடுவதுதான் என்று மீட்டிங்கில் மேஜையைத் தட்டிச் சொன்னார். சனிக்கிழமை மைதானத்தில் ஒரு கெஜம் பாக்கி வந்தது. நான் ஆடுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. அன்று தோற்றோம். ஏன் என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"உங்க கணக்கெல்லாஞ் சரிதானுங் அம்மிணி. ஆனா அந்த நேரத்துக்கு என்ற பட்சி வேற சொல்லிப்போடுச்சு."

பக்கத்து வீட்டுக்கு பஸ்

களத்தில் எந்த ஆட்டம் ஆடுவது என்று தேர்ந்தெடுப்பவர் ராண்டி. நியூ ஜெர்சிக்காரர், எடிசன் பக்கம். படபடவென்று பேசுவார், அவருக்குச் சென்னைத் தமிழ்தான் பொருந்தும். அபூர்வமாக கோச் ஆடலாம் என்று ஒப்புக்கொண்டாலும், அதற்குப் பிறகு ராண்டியின் கற்பனையைத் தாண்டியாக வேண்டும்.

போக வேண்டியது ஒரு கெஜம். எங்கள் முன்வரிசையில் ஐந்து பையன்கள், ஒவ்வொருவரும் ஒரு பீரோ அகலம். அவர்கள் நேராக முட்டித் தள்ளி, பந்து வைத்திருப்பவன் அவர்கள் முதுகில் சாய்ந்தாலே வேலை முடிந்தது. ராண்டி என்ன செய்வார்? பந்தை ஐந்து கெஜம் பின்னால் வாங்கி, இடது பக்கம் போவதாகப் போக்குக் காட்டி, வலது பக்கம் ஒருவனிடம் கொடுத்து, அவன் இன்னொருவனுக்கு எறிய வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு பஸ் ஸ்டாண்டு போய் பஸ் பிடிக்கிற கதை. பஸ் வழக்கம்போல் பாதி வழியில் கவிழ்ந்தது. நேராகத் தள்ளியிருந்தால் என்ன என்று திங்கட்கிழமை மீட்டிங்கில் கேட்டேன். ராண்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நேரா தள்ளினு போறதுன்னா, அப்புறம் நான் எதுக்கு மேடம்?"

பாட்லக்

இர்விங்கில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் அவ்வப்போது யார் வீட்டிலாவது, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் வைப்போம். மற்ற எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. ஊருக்குள்ளேயே லாஸ் கொலினாஸ் பேட்டையில் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஏதாவது ஒரு வங்கிக்கு, ஏதாவது ஒரு சாஃப்ட்வேர். என் வேலையை விளக்க ஆரம்பித்தால் பிரியாணி ஆறிவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. ராஜகோபால் அங்கிள் மட்டும் முழுக்கக் கேட்டார். சான்டா கிளாராவில் வீட்டு விலைக்குப் பயந்து டெக்சஸுக்கு வந்தவர், எதிலும் எஃபிஷியன்சி பார்ப்பவர். கேட்டு முடித்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செந்திலிடம் சொன்னார். என்னிடம் இல்லை என்பதைக் கவனிக்க.

"ஒரு யார்டுக்கு ஒரு ஃபுல்டைம் எம்ப்ளாயியா? மொதல்ல அவங்கள ஜாவா கத்துக்கச் சொல்லுப்பா. லே ஆஃப் வந்தா யூஸ் ஆகும்."

இட்லி

மைதான ஓரத்திலிருந்து பையன்களுக்குச் செய்தி சொல்ல, நாங்கள் பெரிய படப் பலகைகளைத் தூக்கிக் காட்டுவோம். நாய், பீட்சா, கௌபாய் தொப்பி என்று எதுவும் இருக்கும். எந்தப் படத்துக்கு எந்த ஆட்டம் என்பது நம்மவர்களுக்கு மட்டும்தான் தெரியும். என் நச்சரிப்பு தாங்காமல் கோச் ஒரு நாள், நேராகத் தள்ளுவதற்கும் ஒரு பலகை வை என்று ராண்டிக்கு உத்தரவு போட்டார். எதிராளிக்குத் தலைகால் புரியாத படமாக வேண்டும் என்று ராண்டி என்னிடம் வந்தார். இட்லி கொடுத்தேன். இட்லி மேலே போனால் நடுவில் தள்ள வேண்டும். போன இடமெல்லாம் அருமையாக வேலை செய்தது. எதிர் டீம்கள் அதை நிலா என்று நினைத்துக் குழம்பின.

செந்திலுக்கு ராஜகோபால் அங்கிள் சொன்ன ஜாவா உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த பாட்லக்கில் பெண்டாட்டி பெருமை பேசக் கிளம்பி, இட்லி ரகசியத்தை அவிழ்த்துவிட்டார். அந்தச் சனிக்கிழமையே எல்லாக் குடும்பங்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கள் பக்கத்து கேலரியில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு கெஜம் பாக்கி வந்தது, இட்லி மேலே போனது. அந்த வரிசை முழுக்கக் குழந்தை குட்டிகளோடு எழுந்து நின்று, "இட்லி, இட்லி" என்று கத்தி, இரண்டு கையாலும் மைதானத்தின் நடுவைக் காட்டியது. முதல் தடவை எதிர் டீம் வேடிக்கை பார்த்தது. அடுத்த தடவை அவர்கள் கோச் எங்கள் பலகையைப் பார்க்கவே இல்லை, ராஜகோபால் அங்கிளைத்தான் பார்த்தார். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முந்துகிற மாதிரி அவர்கள் ஆட்கள் அத்தனை பேரும் நடுவில் வந்து குவிந்தார்கள். அன்றும் தோற்றோம். ஹெட்செட்டில் ராண்டியின் குரல் நிதானமாக வந்தது.

"மேடம், உங்க ஆளுங்கள அடுத்த வாட்டி அவங்க சைடுல டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க."

பெரிய மனுஷர்

எங்கள் ஸ்டேடியத்தில் ஒரு கேலரிக்கே பெயர் கொடுத்திருக்கும் கார் வியாபாரி ஒருவர் உண்டு. கல்லூரிக்கு அள்ளிக் கொடுப்பவர், ஆகவே ஃபுட்பால் தெரிந்தவர். உதைத்துத் தோற்றால் கோழைத்தனம் என்பார், ஆடித் தோற்றால் திமிர் என்பார். இட்லிக்குப் பிறகு நேரே என் மேஜைக்கு வந்தார். கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கோச்சுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும் என்பதைச் சிரித்த முகத்தோடு தெரிவித்தார். பிறகு நீ என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். லேப்டாப்பைத் திருப்பிப் பொறுமையாக விளக்கினேன். அவரும் கோச்சின் அதே டெக்சஸ் இழுவையில் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"ஜெயிச்சா ஆடுனது சரி, தோத்தா உதைச்சிருக்கோணும். இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு?"

சங்கிலி

கடைசி ஆட்டம். தோற்றால் கோச் வீட்டுக்கு, நாங்கள் கோபிக்கு. அன்று காலை மகளுக்கு ஷூவை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. நாங்கள் மயிரிழையில் முன்னிலை. பந்து எங்கள் பாதி மைதானத்தில், நாலாவது வாய்ப்பு, ஒரு கெஜம். அது கிடைத்துவிட்டால் எதிராளி பந்தைத் தொடாமலே ஆட்டம் முடியும். தவறினால் எங்கள் வாசலிலேயே பந்து அவர்கள் கையில். உலகமே உதைக்கத்தான் சொல்லும். ஆனால் அன்று நாங்கள் எவ்வளவு தூரம் உதைத்தாலும் அவர்கள் சுலபமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஆடுங்கள், நேராகத் தள்ளுங்கள் என்றேன். ராண்டி ஏதோ வித்தை சொல்ல ஆரம்பித்தார். கோச் அவரை அடக்கிவிட்டு, நிச்சயம்தானா என்று என்னைக் கேட்டார். நிச்சயம் என்று எதுவும் கிடையாது, உதைத்தால் இதைவிட மோசம் என்றேன். சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பாதி மூடிக்கொண்டேன். கணக்குக்கு விசா கிடையாது, எனக்கு உண்டே.

தள்ளினார்கள். ஆள் மேல் ஆளாகக் குவியல் விழுந்தது. நடுவர்கள் அளவுச் சங்கிலியைக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தார்கள். பந்து நாலு விரற்கடை தாண்டியிருந்தது. நான் மாடி அறையில் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம். நிமிர்ந்தபோது டிவியில் கோச்சிடம், இந்தத் துணிச்சல் எப்படி வந்தது என்று மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"யாரு சொல்லியுங் கேக்குல. என்ற பட்சி போடான்னுச்சு, போனேன்."

பிரிவு உபசாரம்

பட்சிக்கு மறுநாள் செந்தில் ரவா தோசை வாங்கிக் கொடுத்தார். விசா பிழைத்தது, இனி வீடுகூடப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். அதே வாரத்தில் அந்த ஒரு கெஜத்தின் வீடியோ ஊர் ஊராக ஓடியது. கணக்குப் பார்க்காத தைரியசாலி என்று கோச்சைக் கொண்டாடினார்கள். பெரிய கல்லூரி ஒன்று பெரிய சம்பளம் பேசி அவரைத் தூக்கிக்கொண்டது. ராண்டி உட்பட எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறார் என்று கேள்விப்பட்டேன். இங்கே வரப்போகிற புதுக் கோச், தன் ஆட்களை மட்டும்தான் வைத்துக்கொள்வாராம். ஆகவே, சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த கோச்சிடம் போய், என்னையும் அழைத்துக்கொண்டு போவீர்களா என்று வாய்விட்டே கேட்டேன். விசா, குழந்தை எல்லாம் அவருக்குத் தெரியும். மனிதர் நிஜமாகவே சங்கடப்பட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்களை உட்டுப்போட்டுப் போறதுக்கு எனக்கு மனசே கேக்குலீங் அம்மிணி. ஆனா நானா முடிவெடுக்கற ஆளுன்னு சொல்லித்தானுங் அவிய என்னைய எடுத்திருக்கறாங்க. பக்கத்துல நீங்க இருந்தா நல்லாவா இருக்கும்?"

தோற்றிருந்தால் எங்கள் எல்லோருக்கும் வேலை போயிருக்கும், ஜெயித்ததால் எனக்கு மட்டும் போனது.