ஜீவாவுக்கு வந்த மாலைகள்

என் அண்ணன் ஜீவா போன மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம் தோல் வெட்டினான். அவன் சாவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. சில வருடங்களுக்கு முன் அவன் ஜெயித்த ஒரு காலையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் சமுதாய வானொலி ஒரு மாடி அறையில் நடக்கிறது. பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். காலை ஆறு முதல் ஏழு வரை ஜீவாவின் நேரம். பிறகு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். அந்த ஒரு மணி நேரத்தில் சினிமாப் பாட்டு கிடையாது. கானா, பறை, கவ்வாலி, கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே எழுதிய ராப் என்று பாடுகிறவர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்து வருவான்.

நிலையக் குழுத் தலைவர் கோதண்டராமன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு வருடமாகியும் இந்த நிகழ்ச்சிக்கு ஒரு போன்கூட வரவில்லை என்பது அவர் குறை. திங்கள் முதல் அந்த நேரத்திலும் சினிமாப் பாட்டுதான் என்று முடிவெடுத்து, அதைச் சொல்ல சனிக்கிழமை விடிகாலையில் நேரில் வந்தார். ஜீவா சரி என்றான். அவரை உட்காரவைத்துவிட்டு, கடைசி நிகழ்ச்சிக்குத் தயாரானான்.

வழக்கமாக அவன் வணக்கம் சொல்லி, பாடியவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டைப் போடுவான். அன்று எடுத்தது, தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை செய்யும் செல்லம்மாள் தன் தம்பிக்காகப் பாடிய ஒப்பாரி. தன் நிகழ்ச்சிக்கும் அதுவே பொருத்தம் என்று, உதவிக்கு உடனிருந்த என்னிடம் சிரித்தான். ஒப்பாரிக்கு முன்னால் பேச்சு எதற்கு என்று, ஆறு மணிக்கு நேராகப் பாட்டையே ஓடவிட்டான். மொத்தம் இருபது நிமிடம்.

அது முடிவதற்குள் படியில் காலடிச் சத்தம். டீக்கடை அதாவுல்லா பாய் மூச்சிரைக்க வந்தார். பின்னாலேயே ஜீவாவின் கம்பெனியில் தையல் பிரிவு அம்பிகாவும் நான்கு பெண்களும், கையில் மாலைகளோடு. எங்கள் பக்கம் ஒப்பாரி கேட்டால் யார் வீடு என்று பார்த்து மாலையோடு கிளம்பிவிடுவார்கள். ஜீவாவின் குரல் வராமல் ஒப்பாரி மட்டும் வந்ததால், போனது ஜீவாதான் என்று முடிவு செய்து, ஒப்பாரி வந்த இடத்துக்கே நேராக வந்திருந்தார்கள்.

கதவைத் திறந்தவன் ஜீவா.

பாய் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். “இன்னாப்பா, உயிரோடதான் கீறியா? பாலை அடுப்புல வுட்டுட்டு ஓடியாந்தேன்.”

படியில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோதண்டராமன் எழுந்து நின்றுவிட்டார். தினமும் கேட்கிறவர்கள் ஒருநாளாவது போன் செய்திருக்கக் கூடாதா என்றார்.

“கேக்கறதுக்கு எதுக்கு சார் போன் பண்ணணும்?” என்றாள் அம்பிகா.

அப்போது மேசைமேல் இருந்த போன் அடித்தது. அவரே எடுத்தார். பேரணாம்பட்டு ரோட்டிலிருந்து ஒரு பெண், ஜீவாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறான் என்றார். அப்படியானால் அந்தப் பாட்டை மறுபடி போடச் சொல்லுங்கள், தண்ணீர் பிடிக்கப் போனதில் பாதி போய்விட்டது என்றாள்.

அவர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டார். “ஜீவா, மொதல்லேர்ந்து போடணுமாம். போடு.”

திங்கட்கிழமையும் சினிமாப் பாட்டு வரவில்லை. அந்த ஒரு மணி நேரம் இன்று ஐந்து மணி நேரம். பள்ளிகொண்டாவிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பாட வருகிறார்கள். யாருக்கு எந்த நாள் என்று எழுதிவைப்பவர் கோதண்டராமன். நேற்று செல்லம்மாளுக்கே இடம் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.