கிழங்கு ஏஜென்ட் மலைக்குச் சொகுசு வண்டியில் போனது

மரவள்ளிக் கிழங்கு வாங்கக் கல்வராயன் மலைக்குப் போகிற ஆள் நான், மேலே கண்ணாடிக் கூரை வைத்த சொகுசு வண்டி வாங்கினேன். அந்தக் கூரை எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன், எனக்கும் தெரியாது. வாங்கிய வாரமே அதைத் திறந்து பார்த்தேன், மூடத் தெரியவில்லை. அன்றைக்கென்று மழை. காலையில் நான் உள்ளே இருந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, காரு வாங்கினீங்களா, தொட்டி வாங்கினீங்களா?"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தையே நீங்களும் செய்ய வேண்டாம். வேறு புதிதாக ஏதாவது செய்துகொள்ளுங்கள்.

1. ஒரு நாற்காலிக்காக

ஆத்தூர் பக்கம் நான் கிழங்கு போடுகிற, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் ஒரு வழக்கம் உண்டு. பைக்கில் வருகிற ஏஜென்ட் எடைமேடைக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நிற்க வேண்டும். காரில் வருகிற ஏஜென்ட் நேராக ஆபீசுக்குப் போகலாம். அங்கே ஃபேன், நாற்காலி, டீ. நான் பதினான்கு வருஷம் வேப்பமரத்தடியில் நின்றவன். அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் எனக்குத் தெரியும்.

சாதாரணக் கார் வாங்கியிருந்தாலே நாற்காலி கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு மற்றவர்களைவிடப் பெரிய நாற்காலி வேண்டியிருந்தது. சேலத்தில் ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்து, இன்னொருவர் ஓட்டிப் பயந்து விற்ற வண்டி மூன்றாவதாக என் கைக்கு வந்தது. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு கம்பெனி மேல் இல்லை. தோல் சீட்டு. கதவைத் திறந்தால் விளக்கு தானே எரியும். ஏதாவது பிசகினால் ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் சொல்லும். டிக்கியைக் கையால் தொடக் கூடாது, பட்டன் அமுக்கினால் அதுவே மெதுவாக எழுந்திருக்கும். மில் வாட்ச்மேன் சல்யூட் அடித்தான். பதினான்கு வருஷமாக என்னைப் பார்த்து "தள்ளி நில்லுய்யா" என்று சொன்ன அதே ஆள்தான்.

இனி தொழிலைப் பற்றிக் கொஞ்சம். பிடுங்கிய மரவள்ளி இரண்டு நாளைக்குள் மில்லில் அரைபட வேண்டும். அதைத் தாண்டினால் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். மில்காரர் ஒரு கிழங்கை உடைத்துப் பார்ப்பார், லோடு மொத்தமும் திரும்பி வந்துவிடும். அதனால் பிடுங்குகிற தேதியை ஏஜென்ட்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்ன நாளில் கிழங்குக் காட்டில் நின்று, தன் தராசில் எடை போட்டுச் சீட்டு எழுதிய பிறகே மூட்டை நகரும்.

எடை போடும்போது மூட்டைக்கு இரண்டு கிலோ மண் கழிவு. மழைக்காலத்தில் கிழங்கில் மண் ஒட்டும், நியாயம். கோடையில் உதறினால் மண் உதிர்ந்துவிடும், கழிவு மட்டும் உதிராது. இது என் அப்பா காலத்து வழக்கம், நானாகக் கண்டுபிடித்தது இல்லை. கழித்த மண் எங்கே போகும் என்று கேட்காதீர்கள். தோல் சீட்டு எங்கிருந்து வந்தது என்றும் கேட்காதீர்கள்.

2. தலைவர் வந்தார்

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். எந்த ஊரில், எந்த நேரத்தில் ரோட்டில் உட்காருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சமயத்தில்தான் நான் கரியாலூருக்கு உள்ளே இருக்கிற ஒரு மலைக்கிராமத்துச் சின்னப்பொண்ணுக்குத் தேதி கொடுத்திருந்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. புருஷன் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். காட்டைச் சின்னப்பொண்ணு தனியாகத்தான் பார்த்துக்கொண்டார். எண்பது மூட்டை, ஒரு வருஷத்து வெள்ளாமை. என் பேச்சை நம்பி முந்தின நாளே மொத்தத்தையும் பிடுங்கி வைத்துவிட்டார்.

லாரி டிரைவர் பாபு உளுந்தூர்பேட்டைக்காரன், விவரமானவன். ராத்திரியே மலையேறி, தார் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டான். நான் காலையில் தராசை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சின்னசேலத்தில் ரோடு முழுக்க ஆட்கள். பைக்காக இருந்தால் ஓரமாக உருட்டிக்கொண்டு போயிருப்பேன். என் வண்டியைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு பரபரப்பு.

"ஏய், தலைவர் வந்துட்டாரு, வழி வுடு!"

வழி விட்டார்கள். கோஷம் வேறு. ஒருவர் துண்டோடு ஓடி வந்தார். நானும் மரியாதையாக இருக்கட்டுமே என்று கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டேன். அங்கேதான் கெட்டது.

"அட, இன்னாடா இது! நம்ம நைனார்பாளையத்துக் கெழங்கு ஏஜெண்ட்டுடா!"

துண்டு திரும்பித் தோளுக்கே போய்விட்டது. "நாங்க வெயில்ல ஒக்காந்துகினு இருக்கறம், நீ ஏசி போட்டுகினு கும்புடு போடறியா? ஓரங்கட்டு வண்டிய!" என்றார் ஒரு பெரியவர். எனக்கு உறவுமுறைதான். அதனால் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார வைத்தார்.

பதினோரு மணிக்கு விட்டார்கள். இனி நாலு வரைக்கும் ரோடு திறந்திருக்கும், நாலு மணிக்கு மறுபடி உட்காருவோம் என்று அவரே சொல்லி அனுப்பினார். அப்படியானால் லாரி இரண்டு மணிக்குள் மலையை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் சின்னப்பொண்ணின் கிழங்கு மூன்றாம் நாளைப் பார்த்துவிடும்.

3. கோரிக்கை இல்லாத மறியல்

தார் ரோட்டில் பாபு லாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா ஓனரே, இவ்ளோ நேரம்? உள்ள காருல போவாத. நடந்து போ. தராச ஆள வுட்டு எடுத்துக்கலாம்."

"இது எல்லா ரோட்லயும் போற வண்டி பாபு. அப்டிதான் சொல்லி வித்தாங்க."

"வித்தவன் இந்த ரோட்டப் பாத்தானா?"

காட்டுக்குப் போகிற மண் பாதை ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. முந்நூறு அடி போயிருப்பேன். ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது, அடியில் ஒரு பாறை 'டங்' என்றது. அப்புறம் புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். அந்த வண்டிக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். பை போனதும் வண்டி, குட்டையில் இறங்கிய எருமை மாதிரி, அப்படியே பாறைமேல் படுத்துவிட்டது. பொம்பளைக் குரல் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. பிறகு எல்லா விளக்கும் அணைந்து, கியர் பூட்டிக்கொண்டது. குரலும் நின்றுவிட்டது. அதற்குமேல் சொல்ல அதற்கும் ஒன்றும் இல்லை போல.

எதிரே கோவிந்தனின் ஜீப் வந்து நின்றது. மலையில் காட்டுக்கும் ரோட்டுக்கும் லோடு அடிக்கிற ஜீப் அவருடையதுதான். நேரமாகிவிட்டதே என்று இருபது மூட்டையை ஏற்றி, ரோட்டிலேயே எடை போட்டுக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்தார். பின்னால் சின்னப்பொண்ணும் மூட்டை தூக்குகிற ஆட்கள் பதினைந்து பேரும். இருப்பது அந்த ஒரே பாதை, அதில் குறுக்கே நான்.

கோவிந்தன் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்க்க முயன்றார். சுற்ற இடமில்லை.

"கீழதான் மறியல்னு சொன்னாங்க. நீ மேலயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். "சரி, சொல்லு. உன் கோரிக்கை இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை.

"மணி பன்னெண்டர ஆவுது. நீ சொன்ன தேதியிலதான புடுங்கினேன்? இப்ப என் கெழங்கு எப்டிப் போவும், அதச் சொல்லு ஏஜெண்ட்டு."

தள்ளினோம். கியர் பூட்டிய வண்டி, ஒரு அங்குலம் நகரவில்லை. சங்கிலி மாட்டி இழுக்கலாம் என்றார் கோவிந்தன். சங்கிலி மாட்டுகிற கொக்கி டிக்கியில் இருந்தது. டிக்கி பட்டனில்தான் திறக்கும். பட்டனுக்குக் கரண்ட் இல்லை. பின்சீட்டை மடக்கி எடுக்கலாமென்றால் அதற்கும் பட்டன்தான். தராசும் அதே டிக்கியில்தான்.

"காசு குடுத்து வாங்கின வண்டியில உன் சாமானயே உன்னால எடுக்க முடியலியா?" என்று ஒரு பெண் கேட்டார். மிகவும் அனுதாபத்தோடு கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

சின்னப்பொண்ணு யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பானெட்மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு மூட்டையைத் தலைக்கு ஏற்றச் சொன்னார். பானெட்டில் கால் வைத்து, கூரைமேல் ஏறி, பின்பக்கம் இறங்கி லாரியைப் பார்த்து நடந்துவிட்டார்.

அதற்கப்புறம் என்ன, என் வண்டி பாலமாகிவிட்டது. கூரைமேல் நாலு பேர் நின்று மூட்டையை வாங்கிக் கை மாற்ற, பின்னால் இருந்தவர்கள் தலையில் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். கோவிந்தன் பின்னோக்கியே போய்ப் போய் அடுத்தடுத்த லோடைக் கொண்டுவந்தார். எட்டாவது மூட்டையிலேயே கண்ணாடிக் கூரை விரிசல் விட்டது. "கண்ணாடி, கண்ணாடி" என்று கத்தினேன். "ஓரமா மிதிக்கிறம் சார்" என்றான் ஒருவன், நடுவில் மிதித்துக்கொண்டே.

பத்து மூட்டைக்கு மேல் நானும் தூக்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சும்மா நின்றால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

கடைசி மூட்டை ஏறியபோது மணி ஒன்று ஐம்பது. தராசு இல்லை, எடை இல்லை. பாபு அவசரப்பட்டான். "மில்லு எடமேடையில மொத்தமாப் போட்டுக்கலாம் ஓனரே. சீட்டுல எண்பது மூட்டைன்னு மட்டும் எழுது." எழுதிக் கொடுத்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் சின்னசேலத்தைத் தாண்டியதாகப் போன் பண்ணினான். மில்லில் ஒரு கிழங்குகூடத் திரும்பவில்லை. எடைமேடை காட்டிய எடை அப்படியே சின்னப்பொண்ணுக்குப் போனது. எடைமேடைக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ என்கிற வழக்கம் தெரியாது.

4. மாற்றிக்கொண்டேன்

மறுநாள் ரெக்கவரி வண்டி வந்து அதைத் தூக்கிப்போனது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அப்போதே புரிந்தது. ஒருவழியாக ரிப்பேர் முடிந்ததும், கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபக்காரர் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியைக் கேட்டார். அவரிடம் எஸ்டேட்டில் ஓடிய பழைய டீசல் ஜீப் ஒன்று சும்மா நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும். கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். பின்னால் திறந்த தொட்டி, அதற்குப் பட்டன் கிடையாது. ஏதாவது பிசகினால் இங்கிலீஷில் சொல்லாது, நின்றுவிடும். நாமே இறங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொண்டோம். இரண்டு பேருமே மற்றவர் ஏமாந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம்.

மில் வாட்ச்மேன் ஜீப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தள்ளி நிறுத்துய்யா" என்றான். வேப்பமரம் அப்படியேதான் இருந்தது.

ஆகவே தம்பிகளே, வண்டியை மில் வாசலுக்காக வாங்காதீர்கள், காட்டுப் பாதைக்காக வாங்குங்கள். இதுதான் நான் கற்ற பாடம். இத்தோடு முடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அதே பாதையில் ஜீப்பில் போனேன். அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினேன், ஒரு சத்தமில்லை. காட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கோவிந்தன் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் நீ ஏஜெண்ட்டு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்னால் போய், ஒரே கையால் தொட்டிக் கதவைத் திறந்து, தராசை இறக்கி வைத்தேன்.

சின்னப்பொண்ணு கட்டிய மூட்டைமேல் உட்கார்ந்து தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி இருக்குது வண்டி?" என்று நானே கேட்டேன்.

"அந்தப் பெரிய காரையே எடுத்துகினு வந்திருக்கலாம்" என்றார். "அதுலதான் தராசு வெளிய வராது."