ஓலை வாசித்த அன்று நான் எழுந்து நின்றேன்

என் மகள் ஜெசி நான்கு ஆண்டுகள் என் வீட்டுப் படியேறவில்லை. அவளைத் துரத்தியவன் நான். பிரியமானவர்களே, அதை மறைக்காமல் சொல்லவே எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். நம் தமிழ்ச் சபையில் நெடுங்காலம் கமிட்டியிலும் இருந்தேன். ஜெசி நகரின் கழக்கூட்டம் பகுதியில் வேலை பார்த்தபோது, சுனில் என்பவனோடு திருமணமாகாமலே ஒரே பிளாட்டில் குடியிருந்தாள். "இப்ப இதெல்லாம் சகஜம், சாரே" என்றார்கள் நண்பர்கள். எனக்குச் சகஜமில்லை. திருமணத்தைப் பற்றி வேதம் சொல்வதைக் காலத்துக்கேற்ப வெட்டித் தைக்க நான் தையல்காரன் இல்லை. இன்றும் அதையே சொல்கிறேன். பழைய பஞ்சாங்கம் என்றால் இருக்கட்டும்.

பிறகு இருவரும் மனம் திருந்தி, சபையில் திருமணம் நடத்தக் கேட்டு வந்தார்கள். போதகர் ஆராதனையில் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிக்கும் வழக்கம் அது. யாரும் எழுவதில்லை. நான் எழுந்தேன். இவர்கள் ஏற்கெனவே ஒன்றாக வாழ்கிறவர்கள் என்று சபை முழுவதும் கேட்கச் சொன்னேன். ஜெசி எழுந்து வெளியே போனாள். இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் திருமணம் செய்துகொண்டு, சுனிலின் ஊரான விதுராவுக்குப் போய்விட்டார்கள்.

அன்று என் மனைவி சோறு போட்டபடி சொன்னாள்: "நீங்க ஜெயிச்சிட்டீங்க. பிள்ளையத்தான் காணோம்."

அவளைத் திருத்தும் ஆண்டவரே என்று தினமும் ஜெபித்தேன். பதில் இல்லை. என் மனைவி என்னோடு சேர்ந்து ஜெபிப்பதையே விட்டுவிட்டாள். வீடு செத்துக் கிடந்தது.

சென்ற ஆண்டு ஒரு திருவிருந்து ஆராதனை. அப்பம் வாங்க முழங்காலில் நின்றேன். உன்மேல் ஒருவருக்குக் குறையிருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்ற இயேசுவின் போதனை நினைவுக்கு வந்தது. பிறருக்குக் கடினமான வசனங்களை நான் தைரியமாகப் பிடித்திருந்தேன். எனக்குக் கடினமானதைத் தொடவே இல்லை. அப்பத்தை வாங்காமல் எழுந்தேன்.

"சாரே, சுகமில்லையா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"விதுரா பஸ் பிடிக்கணும்" என்றேன்.

கதவைத் திறந்த ஜெசி நடுவாசலில் நின்றுகொண்டாள். "என்னப்பா, இன்னும் ஏதாவது தடை சொல்ல உண்டோ?"

"மன்னிச்சிரு மோளே. உன்ன சபை முன்னால அவமானப்படுத்தினேன். அது பாவம்."

"அப்ப நாங்க செஞ்சது சரின்னு சொல்றீங்களா?"

"இல்ல. கல்யாணத்துக்கு முன்ன சேந்து இருந்தது தப்புதான். ஆனா சரிபண்ண வந்தவங்கள நான் வெளிய தள்ளினேன். அது எவ்வளவோ பெரிய தப்பு."

அவள் உள்ளே திரும்பினாள். "சுனிலே, கேட்டியா? மன்னிப்பு கேக்க வந்த இடத்திலயும் பிரசங்கம்." சொல்லிக்கொண்டே அவள் கதவிலிருந்து விலகி வழிவிட்டாள்.

அவளை மாற்றும்படி கேட்டேன். தேவன் என்னை மாற்றி அவளைத் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம். அவர்கள் இன்னும் சபைக்கு வருவதில்லை. வீட்டுக்கு வருகிறார்கள். நான் வளைந்துவிட்டேன் என்று சபையில் சிலர் பேசுகிறார்கள். ஒரு வசனத்தையும் நான் விடவில்லை. விட்டிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்காக யாரிடமும் தலைகுனிய மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் பெயர் ஜெபத்தில் மட்டும் வருகிறதா? எழுந்து அந்த வாசலுக்குப் போங்கள். அங்கே என்ன பேசுவது என்று பயப்படாதீர்கள். எனக்கு வார்த்தை கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.