அடுப்புக்குப் போன பேய்க்கதைகள்

முதல் பதினாறு பக்கம் இல்லாத ஒரு புத்தகம். முதுகு பிய்ந்து, சாக்குத் தைக்கிற சணலால் குறுக்குத் தையல் போட்டு, அட்டைக்குப் பதிலாகப் பழைய காலண்டர்த் தாள் ஒட்டியிருந்தது. செத்துப்போன மனைவி மழை பெய்கிற நாளெல்லாம் திரும்பி வந்து கணவனுக்குச் சோறு போடுகிற கதை. அவள் உயிரோடு இல்லை என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் மறுசோறு கேட்பான். அதை என் கையில் வைத்த மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, "மொதப் பக்கத்த எல்லாம் தேடாத. கல்யாணம் பண்ணிருப்பாங்க, அவ்வளவுதான். இங்கேருந்து படி" என்றாள். அதைவிட நன்றாக யாரும் எனக்கு ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ததில்லை. பிறகு பெரிய பெரிய புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டேன். இருந்தாலும் எனக்குப் பிடித்தது காதல் கதையும் பேய்க்கதையும்தான். இரண்டும் ஒன்றிலேயே இருந்தால் இன்னும் நல்லது. முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும்.

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். மதினியும் நானும் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள், ஒரே வயதுக்காரிகள், ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, பிடித்து, பக்கத்துப் பக்கத்தில் ஏறுவோம். கை பாட்டுக்குக் கொழுந்து கிள்ளும். மதினியின் வாய் பாட்டுக்கு யாருக்கு எந்தக் கதை என்று தீர்ப்புச் சொல்லும். புதிதாகக் கல்யாணமாகி வந்து பிறந்த வீட்டை நினைத்து அழுகிறவளுக்குப் பேய்க்கதைதான். "பயந்துக்கிட்டு இருக்கிறவளுக்கு அம்மா நெனப்பு வராது" என்பாள். மாமியாரோடு சண்டை போட்டு வந்தவளுக்கு, மாமியார் மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துப்போகிற காதல் கதை. படிக்கத் தெரியாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற பீலிக்கரையில், படிக்கத் தெரிந்த ஒருத்தியைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். என்ன கெஞ்சினாலும் மதினி முடிவை மட்டும் சொல்லமாட்டாள். இந்த விஷயத்தில் அவள் கல்நெஞ்சுக்காரி.

புத்தகங்கள் வாசிகசாலையில் இருந்தன. வாசிகசாலை என்றால் பள்ளிக்கூடத்து மூலையில் ஓர் அலமாரி, அவ்வளவுதான். ஹட்டன் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக்காரர் வீட்டார் படித்துக் கழித்தவை அதில் பாதி. தோட்டத்து வாலிபர்கள் சங்கம் வைத்து அதை நடத்தினார்கள். செயலாளர் எங்கள் கணக்கப்பிள்ளை. மலையில் எங்களை வேலை வாங்குகிறவர். அண்ணன் கமிட்டியில் ஒருவர். அந்த வருஷம் மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி லொறிக்காரப் பையனோடு ராகலைக்கு ஓடிப்போனாள். அடுத்த வாரமே சங்கத்தில் தீர்மானம் வந்தது: காதல் கதைகளும் பேய்க்கதைகளும்தான் பெண்களைக் கெடுக்கின்றன, அவற்றை ஒழித்துவிட வேண்டும், இனிப் பெண்களுக்குப் புத்தகம் கொடுப்பதில்லை. ஓடிப்போனவளுக்கு அ, ஆ கூடத் தெரியாது. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை, அதை ஓட்டுக்கு விடுகிற கூட்டத்துக்கு மதினி போனாள். துணைக்கு நான் போனேன். பெண்கள் சங்கக் கூட்டத்தில் கால் வைப்பதே அதுதான் முதல் தடவை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கப்பிள்ளை, "ஏம்மா, ஒனக்கு இங்க என்ன வேல?" என்றார்.

"கணக்கப்பிள்ளைங்களே, மாசி மாசம் காமன் கூத்துல மூணு வருசமா நீங்கதான ரதி வேசம் கட்டுறீங்க?" என்றாள் மதினி.

"ஆமா. அதுக்கென்ன?"

"புருசன் எரிஞ்சு சாம்பலாப் போறான். நீங்க மாரடிச்சு அழுவுறீங்க. மூணாம் நாள் அவன் எந்திரிச்சு வர்றான், ஆனா பொண்டாட்டி கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுறான். இது காதல் கதையா, பேய்க்கதையா? நீங்களே சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. "அது சாமி காரியம்" என்றார்.

"நீங்க சேல கட்டி ஆடுனா சாமி காரியம். சேல கட்டுன நாங்க படிச்சா கெட்டுப்போறதா? ஒங்களுக்கு ஓட்டு கெடையாதுன்னு நாடே சொல்லிருச்சு. அந்தக் கோவத்த எடுத்துக்கிட்டு எங்ககிட்ட வர்றீங்களே, நல்லாவா இருக்கு?"

சிரிப்பு நின்றுபோனது. நாடு சுதந்திரமான கையோடு தோட்டத் தமிழரின் வாக்குரிமை பறிபோன புண் இன்னும் ஆறாத காலம் அது. அதை ஒரு பெண் பிள்ளை வாயால் கேட்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். அண்ணன் கையும் மேலே போனது. நான் பார்த்தேன், மதினியும் பார்த்தாள். அதோடு விட்டார்களா? அண்ணன் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிறவர் என்பதால், புத்தகங்களை எரிக்கிற பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். ஒரு சாக்கில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு அவர் ஸ்டோர்ப் பாதையில் இறங்கிப் போனார். என் கூடப்பிறந்தவரை அன்று நான் வெறுத்தேன்.

சாயங்காலம் வந்து, "எரிச்சாச்சு" என்று மட்டும் சொன்னார். மதினி சோறு வைத்தாள், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மலையில் அவள் வாய் மூடியிருந்த நாட்கள் அவைதான். பக்கத்து நிரைக்காரிகள் துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்று கொழுந்து எடுத்தார்கள். அவளிடம் வேறு என்ன இருந்தது? நகை இல்லை, அதுவரை பிள்ளையும் இல்லை. பனியிலும் அட்டைக்கடியிலும் கிடந்த எங்களுக்கு அவள் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தச் சாக்கில் இருந்ததைத்தான்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து நாங்கள் வந்தபோது, எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் விறகுக்கட்டுக்குப் பின்னால் அந்தச் சாக்கு இருந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே மதினியிடம் பேசினார். "அடுப்புக் கதவத் தொறந்துட்டேன் புள்ள. போட மனசு வரல. ஸ்டோர்லயே வெறகுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தேன். இங்கேயே இருக்கட்டும். ஆனா ஒன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியணும்."

மதினி அழுதாள். அண்ணன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "அது ரதிக்குக் கெடச்ச வரம். எனக்குப் பத்தாதுங்க" என்றாள்.

மறுநாள் காலைப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால், மதினி முதுகுக் கூடையை இறக்கி எல்லாப் புத்தகத்தையும் வெளியே எடுத்தாள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, உனக்கு இது, உனக்கு அது என்று உரத்த குரலிலேயே சொல்லிக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒனக்கு இன்னைக்குப் பேர் இல்ல" என்றார். அன்றைக்கு வேலை கிடையாது என்பது அதற்கு அர்த்தம். புத்தகம் வாங்கியிருந்த எங்களுக்கும் இல்லை என்றார். சிலர் பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டு மலையேறினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மதினியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். அண்ணனைக் கமிட்டியிலிருந்து நீக்கினார்கள். எங்களுக்குப் பல மாதம் செங்குத்தான மலைதான் கிடைத்தது. அதெல்லாம் நடந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காலையில் எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னபோது மதினி போகவில்லை. களத்து ஓரக் கல்கட்டில் உட்கார்ந்து, ஆபீஸ் சன்னலுக்கு நேரே, புத்தகத்தை விரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். பட்டப்பகலில், வேலை நேரத்தில், ஒரு கொழுந்துக்காரி புத்தகம் படிப்பதை அந்தத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. சுற்றி நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். கதையில், கல்யாணத்துக்கு முதல் நாள் மலையேறிப்போன மாப்பிள்ளை திரும்பவில்லை. வீட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது.

இப்போது என் பேத்தி தொலைபேசியில் விதவிதமான பேய்க்கதை படிக்கிறாள், யாரும் அவளைத் தடுப்பதில்லை. நல்லதுதான். ஆனால் அந்தக் கல்கட்டில் உட்கார்ந்து கேட்ட கதைக்கு ஈடாக எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை.

மத்தியானம் நெருங்கியபோது கணக்கப்பிள்ளை மலையிலிருந்து இறங்கி வந்தார். ஆபீஸுக்குப் போகிறவர்போல் எங்களைத் தாண்டிப் போனார், நின்றார், கையிலிருந்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார், பென்சிலைத் தேடினார். மதினி படிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் அவரே பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பய திரும்பி வர்றானா இல்லையா?" என்று கேட்டார்.

மதினி பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "முடிவு நான் சொல்றதில்லைங்க. நீங்களே வாங்கிப் படிங்க. ஆனா முன்னால பதினொரு பொம்பளைங்க இருக்காங்க, அவங்க முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."