பிரபாக்காவின் கருத்து இந்த வாரம் வரவில்லை

கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறவர்களுக்குக் காது மட்டும் சும்மா இருக்கும். கை ஓடும், கண் ஓடும், கூண்டுக்கு முன்னால் உருண்டு வந்து நிற்கிற முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டே கால் நகரும். காதுக்குக் கோழிகளின் இரைச்சலைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்தக் காதுக்கு வேலை கொடுத்தவள் பிரபாவின் மகள் யுவஸ்ரீ. கல்லூரி விடுதிக்குக் கிளம்பின அன்று அம்மாவின் போனில் 'கிருமிக் கச்சேரி' என்ற நிகழ்ச்சியை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "டாக்டர் பேசறதுதாம்மா. ஆனா சிரிச்சு வயிறு வலிக்கும், கேளு" என்று சொல்லிப் பஸ் ஏறினாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் நவநீதகிருஷ்ணனும் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் தனசேகரும் வாரம் ஒரு தொற்றுநோயைப் பிடித்து உட்கார வைத்துக் கேலி செய்கிற நிகழ்ச்சி அது. டாக்டர் விளக்கிக்கொண்டே போவார், தனசேகர் குறுக்கே புகுந்து அசட்டுக் கேள்வி கேட்பார். கடைசியில் நேயர்களின் கருத்துகளை வாசிப்பார்கள். அந்தப் பகுதிக்கு 'ஊசி நேரம்' என்று பெயர். இவ்வளவு நேரம் நாங்கள் குத்தினோம், இனி நீங்கள் குத்துங்கள் என்பார் டாக்டர்.

ஜனங்களும் தாராளமாகத்தான் குத்தினார்கள். சாப்பிடுகிற நேரத்தில் வயிற்றுப்புழுவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று ஒருவர். உங்கள் பேச்சைக் கேட்டதிலிருந்து மாமியார் என்னை நாலு தடவை கை கழுவ வைக்கிறார், ஆகையால் உங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் என்று ஒரு மருமகள். ஆத்தூரிலிருந்து ஒரு பெரியவர், "எங்கள் பாட்டனார் காலராவில் போனவர். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கோபமாக எழுதியிருந்தார். டாக்டர் அதையும் விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டு, "நியாயமான கேள்வி" என்று மட்டும் சொல்லி அடுத்த கருத்துக்குப் போனார்.

பிரபாவுக்கு எழுதக் கை வராது. குரலில்தான் பதிவு செய்து அனுப்புவாள். பறவைக் காய்ச்சல் பற்றிப் பேசின வாரம் அவள் அனுப்பினது இது: "டாக்டர் சார், எங்க கோழி செட்டுக்குள்ள போகோணும்னா மருந்துத் தண்ணில செருப்பை முக்கிட்டுத்தானுங்க போகோணும். உங்க ஆஸ்பத்திரிக்குள்ள எல்லாரும் சேத்துச் செருப்போட நேரா வாராங்கன்னு எங்க ஓனர் சொன்னாருங்க. கோழிக்கு இருக்கற மரியாதை மனுசனுக்கு இல்லீங்களா?" டாக்டர் சிரித்த சிரிப்பில் அடுத்த கருத்துக்குப் போகவே நேரமானது. அன்றிலிருந்து அவள் 'நாமக்கல் பிரபாக்கா' ஆகிவிட்டாள். அவள் கருத்து இல்லாத ஊசி நேரம் உப்பில்லாமல் இருக்கிறது என்று மற்ற நேயர்களே எழுதினார்கள். பண்ணையில் கூட வேலை செய்கிறவர்கள், "பிரபாக்கா இந்த வாரம் என்ன சொன்னீங்க?" என்று விசாரிக்க, அவள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள். நிமிரட்டுமே, அவள் வாழ்க்கையில் அப்படி நிமிர்கிற சந்தர்ப்பம் வேறு என்ன வந்தது?

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு காலை, உண்ணிக் காய்ச்சலைப் பற்றின நிகழ்ச்சி வந்தது.

"இந்த உண்ணி கண்ணுக்கே தெரியாது" என்றார் டாக்டர். "புல்லு, புதருல இருக்கும். மனுசன் வந்தா ஏறிக்கும். ஏறினதும் நல்ல மறைவான இடமாப் பார்த்து, இடுப்பு, அக்குள்னு, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உக்காந்துக்கும். அது கடிச்ச இடத்துல கருப்பா ஒரு தடம் விழும். சிகரெட்டை வச்சு அணைச்ச மாதிரி. வலிக்காது, அரிக்காது. அதனால யாரும் காட்டவும் மாட்டாங்க."

"புகை பிடிக்கிறது கேடுன்னு அந்த உண்ணிக்கு யாரும் சொல்லலையா டாக்டர்?" என்றார் தனசேகர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிரபாவும் சிரித்துவிட்டாள். அதை நினைத்து அவள் பிறகு வெகுநாள் கூசினாள். சிரித்து முடிப்பதற்குள் கையிலிருந்த முட்டை நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. வலது கை தானாகப் போய் இடுப்பில் பாவாடை நாடாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டு நின்றது.

ஜோதியின் உடம்பில் அந்தக் கருப்பு அங்கேதான் இருந்தது.

ஜோதி அவள் கணவன் கந்தவேலின் தங்கை. கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சிரிப்பாள். எட்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி மழை விட்ட மாதத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள், டெங்கு என்றார்கள், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கடைசியில் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாள். மர்மக் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டார்கள்.

உடம்பைக் குளிப்பாட்டியது பிரபாவும் மாமியார் அங்காளம்மாளும். நாடா அழுந்தும் இடத்தில் கருகலாக ஒரு வட்டம் இருந்ததை முதலில் பார்த்தவள் பிரபா. "சூடு வெச்ச மாதிரி இருக்குதுங்க அத்தை" என்று சொன்னாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. பெற்றவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "முத்தாயி வெச்ச சூடு" என்று அலறினாள்.

முத்தாயம்மாள் கந்தவேலுக்குப் பங்காளி வீட்டுப் பெரியம்மா. இரண்டு காட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், உன்னுடையதா என்னுடையதா என்று தீராத வழக்கு. இருவரும் தொடாததால் அங்கே இடுப்பளவு புதரும் புல்லும் மண்டிக் கிடந்தது. புல் அவ்வளவு செழிப்பாக இருக்கிறதே என்று ஜோதி தன் ஆட்டுக்கு அறுக்கப் போனாள். முத்தாயம்மாள் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். ஜோதி வழக்கம்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் முத்தாயம்மாள் குனிந்து மண்ணை வாரித் தூற்றி, "நீ நல்லா இருக்க மாட்டே, பாரு" என்று சாபம் விட்டாள். ஊரே பார்த்தது. அதற்குப் பின் வந்ததுதான் காய்ச்சல். மண்ணும் இருக்கிறது, சூட்டுத் தடமும் இருக்கிறது, இதற்கு மேல் செய்வினைக்குச் சாட்சி வேண்டுமா என்ன?

சாவு வீட்டுக்கு முத்தாயம்மாள் அழுதுகொண்டுதான் வந்தாள். பங்காளி வீட்டுப் பெண்கள் கட்டிப் பிடித்து அழ வேண்டிய நேரம். அங்காளம்மாள் வாசலில் குறுக்கே நின்று, கட்டிப் பிடிக்க நீண்ட அந்தக் கையைத் தட்டிவிட்டு, "கொன்னுபோட்டு அழுக வாரயா?" என்று விரட்டினாள். அதோடு போக்குவரத்து அறுந்தது. கல்யாணம், காது குத்து எதற்கும் முத்தாயம்மாளை யாரும் அழைக்கவில்லை. அங்காளம்மாள் அதை நம்பியபடியே கண்ணை மூடினாள். அந்தத் துண்டு நிலத்தில் உச்சி வெயிலில் ஜோதி நின்று சிரிக்கிறாள் என்று சொல்லி அதற்குள் யாரும் காலெடுத்து வைப்பதில்லை. புதர் இப்போது தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது.

அந்த வாரம் பிரபா கருத்து அனுப்பவில்லை. நிகழ்ச்சியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "சரியான மாத்திரையை நேரத்துல கொடுத்தா ரெண்டு நாள்ல காய்ச்சல் ஓடிரும்" என்று டாக்டர் சொல்கிற இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, ஜோதி காய்ச்சலில் கிடந்த நாட்களை விரல் விட்டு எண்ணினாள். தோசைக் கல்லில் தீய்ந்த புள்ளியைப் பார்க்க முடியவில்லை. குளிக்கும்போது தன் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். நிகழ்ச்சியில் வருகிற சிரிப்புக்குள்ளே ஜோதியின் சிரிப்பும் கலந்து கேட்கிற மாதிரி இருந்தது. கந்தவேலிடம் சொன்னாள். அவன், "எங்கம்மா போயிட்டாங்க. இனி அதைக் கெளறி யாருக்கு என்னாவுது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

யாருக்கு என்ன ஆகும் என்பது பிரபாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. சூடு என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தது. அதைத் திரும்ப எடுக்கக் கூடியவளும் அவள் ஒருத்தியே.

அடுத்த வாரம் ஊசி நேரத்தில் டாக்டர் கேட்டார்: "என்ன இது, நம்ம பிரபாக்காவோட கருத்து இந்த வாரம் வரலையே?" தனசேகர் உடனே, "உண்ணி கடிச்சிருச்சோ என்னமோ" என்றார். சிரிப்பு. கீழே கருத்துகளில் நேயர்கள் வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டிருந்தார்கள்.

பிரபா கோழி செட்டை விட்டு வெளியே வந்து, தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பதிவு செய்தாள். "கடிச்சதுங்க டாக்டர் சார். என்னையில்லீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை குரல் நின்றுபோயிற்று. அதை அழிக்காமல் அப்படியே அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் நவநீதகிருஷ்ணன் போனில் கூப்பிட்டார். நிகழ்ச்சியில் கேட்கிற குரலே இல்லை. காய்ச்சல் எப்படி இருந்தது, தலைவலி உண்டா, தடம் எந்த அளவு என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "நான் பார்க்காத நோயாளிங்க. உறுதியாச் சொன்னா அது தப்பு. ஆனா நீங்க சொல்றதையெல்லாம் வச்சுப் பார்த்தா அதாத்தான் இருந்திருக்கணும்" என்றார். பிறகு தயங்கி, "அந்த நிகழ்ச்சியை எடுத்துடறேங்க. தனசேகரும் ரொம்ப வருத்தப்படறான். இப்படி ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு நினைக்காம சிரிச்சுட்டோம்" என்றார்.

"எடுத்துப்போடாதீங்க சார்" என்றாள் பிரபா. "மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டுச் சொல்லியிருந்தீங்கன்னா நான் பாதியிலயே அமத்தியிருப்பேனுங்க. சிரிச்சீங்க, அதனாலதான் கடைசி வரைக்கும் கேட்டேன். இதுதானுங்க என் கருத்து."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் முத்தாயம்மாள் வீட்டுக்குப் போனாள். குறுக்கே போனால் கூப்பிடு தூரம்தான். ஆனால் குறுக்கே அந்தப் புதர் இருந்தது. ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். முத்தாயம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள்.

"வழி தப்பி வந்துட்டயா?" என்றாள், எழுந்திருக்காமலே.

"இல்லீங்க அத்தை. உங்ககிட்ட ஒன்னு கேக்க வெக்கோணும்னு வந்தேனுங்க."

பிரபா பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தட்டிவிட்டாள். டாக்டரும் தனசேகரும் பேச ஆரம்பித்தார்கள், சிரித்தார்கள். "என்னடா இது, காலங்காத்தால கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு" என்று முத்தாயம்மாள் முகத்தைச் சுளித்தாள். "பொறுங்க அத்தை, வருது" என்றாள் பிரபா. புதர் வந்தது, உண்ணி வந்தது, இடுப்பு வந்தது, கருப்புத் தடம் வந்தது. கடலை உடைக்கிற கை மெதுவாக நின்றது.

"ஜோதி இடுப்புல இருந்தது இதுதானுங்க. நாந்தான் சூடுன்னு சொல்லிப்போட்டேன். அது சூடு இல்லீங்க. அந்தப் பொதருக்குள்ள இருந்து ஏறுன உண்ணி. டாக்டர்கிட்டயே கேட்டுப்போட்டேன்." பிரபா மூச்சு வாங்கினாள். "நீங்க ஒன்னும் பண்ணலீங்க அத்தை. வீணா உங்க மேல பழியப் போட்டுட்டோம். என்னை எப்படி வேணும்னாலும் பேசுங்க."

திட்டுவாள், எட்டு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். திட்டு வரவில்லை.

"நான் மண்ணை வாரித் தூத்துனேனே" என்றாள் முத்தாயம்மாள்.

"தூத்துனீங்க."

"நல்லா இருக்க மாட்டேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

முத்தாயம்மாள் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். "இந்தக் கையில எம் பேத்திக்கு ஒரு துண்ணூறு வெச்சுவுட்டதில்ல. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். ராத்திரிக்குக் கண்ண மூடுனா அவ அங்க நின்னு சிரிக்கறா" என்றாள். பிறகு, குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள்: "அப்ப நானில்லையா சாமி?"

பொய்ப் பழி சுமந்த கோபத்தில்தான் இந்த மனுஷி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள் என்று பிரபா நினைத்திருந்தாள். ஊர் சொன்னதை ஊரைவிட அதிகமாக நம்பியவள் முத்தாயம்மாள்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கிற்று.

"நீங்க இல்லீங்க அத்தை" என்றாள்.

முத்தாயம்மாளின் முறம் சரிந்து கடலை வாசலெங்கும் சிதறியது. "ஜோதீ... எங்கண்ணூ..." என்று ஒரு குரல் கிளம்பியது. சாவு வாசலில் தட்டிவிடப்பட்டு, நெஞ்சுக்குள்ளேயே கிடந்த அழுகை அது. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். பிரபா எழுந்து போய் அந்தக் கைகளுக்குள் புகுந்துகொண்டாள். பங்காளி வீட்டுப் பெண்கள் இருவரும், சாவு நடந்த அன்று அழ வேண்டியபடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கடலை ஓடுகளுக்கு நடுவே கிடந்த போனில் ஊசி நேரம் வந்துவிட்டிருந்தது. யாரோ ஒரு நேயரின் கருத்தைத் தனசேகர் வாசிக்க, டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் அதை அணைக்கவில்லை.